பிள்ளைகளுக்கு அவரைக்கொட்டை

லாண்டு அம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கின்ஷாசாவில், மாசினாப் பகுதியில் அவள் குடியிருந்த தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தக்காளி விற்கிறவள் கூறில் ஒரு பழத்தைக் குறைத்து வைத்தால், லாண்டு அம்மா குனிந்து காதோடு காதாகக் கேட்பாள்: "கண்ணு, இதை நீ எண்ணினியா, உன் மாமியார் எண்ணினாளா?" அடுத்த நொடி இரண்டு பழம் கூடுதலாக வரும்.

ஐம்பத்து மூன்று வயது. இரட்டைப் பெண்களுக்குப் பின்னால் பிறந்தவள் என்பதால் அந்த ஊர் வழக்கப்படி வைத்த பெயர் லாண்டு. இருபத்தாறு வருடம் எனாமல் பேசினில் வேர்க்கடலை விழுதைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றாள். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பேசினை இறக்கி வைத்தாள். சும்மா உட்காரவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டாள். அரைக்கும் எந்திரம் ஒன்று வாங்கினாள். நான்கு பெண்களுக்கு வேலை கொடுத்தாள். கண்ணாடிப் பாட்டிலில் விழுதை அடைத்து மூடி போட்டு, தன் பெயரை அச்சடித்த சீட்டை ஒட்டினாள். முதல் பாட்டிலை அவள் கணவன் மக்கியேசே கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "முப்பது வருஷமா குடும்பம் நடத்தறேன், என் பேரை ஒரு சட்டைப் பையில கூட தச்சுக் குடுக்கல நீ" என்று குறைப்பட்டுக்கொண்டான்.

அந்தப் பாட்டிலுக்குத்தான் ஓர் அதிர்ஷ்டம் வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில், எலும்பும் தோலுமாக வந்து சேர்கிற குழந்தைகளின் வார்டுக்கு, வாரம் நாற்பது பாட்டில் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. உணவுப் பரிசோதனை அலுவலகத்தின் முத்திரை குத்திய காகிதம் வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் காகிதம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

"இருபத்தாறு வருஷம் பேசின்ல வெச்சு வித்தியே, எவன் உன்கிட்ட காகிதம் கேட்டான்?" என்றாள் சூசி அக்கா. இரட்டையரில் இளையவள், பெரிய சந்தையில் துணிக்கடை வைத்திருந்தாள். வாய் கத்தரிக்கோல்.

"அப்ப வாங்கினவங்களுக்கு என் மூஞ்சி தெரியும்க்கா. வயித்த வலிச்சா சாயங்காலமே வந்து வாசல்ல நின்னு கத்துவாங்க. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற பிள்ளைக்கு நான் யாருன்னு தெரியுமா? அதுக்கு என் மூஞ்சிக்குப் பதிலா அந்தக் காகிதம்தான்."

"மூஞ்சிக்கு முத்திரை குத்த முப்பது டாலர். குடுத்துட்டு வந்து வேலையைப் பாரு."

"காசு குடுத்து வாங்கினா அது யாரு மூஞ்சிக்கா?"

சூசி அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தங்கைக்குக் குரல் தாழ்ந்துவிட்டதைக் கவனித்துவிட்டாள்.

பரிசோதகர் எகோஃபோ இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். எலுமிச்சை நிறக் கழுத்துப்பட்டி, கஞ்சி போட்ட சட்டை, முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்த காலணி. அந்த அறையில் பளபளப்பாக இருந்தது அவர் ஒருவர்தான். மூலையில் பொலும்பு என்ற பருத்த பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

எகோஃபோ லாண்டுவின் கோப்பைப் புரட்டினார். பெருமூச்சு விட்டார்.

"கோப்பு நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கோப்பு நடக்கணும்ல? நடக்கத் தெம்பு வேணும். நமக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு. பிள்ளைங்களுக்கு அவரைக்கொட்டை..."

வாக்கியத்தை முடிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மடேசு யா பானா. பிள்ளைகளுக்கு அவரைக்கொட்டை. லிங்காலா பேசும் அந்த ஊரில் இதன் அர்த்தம் தெரியாதவர் கிடையாது. லஞ்சம் என்ற சொல்லை யாரும் வாயில் வைப்பதில்லை. போக்குவரத்துக் காவலருக்கும், துறைமுகக் குமாஸ்தாவுக்கும், பள்ளிச் சான்றிதழ் கொடுப்பவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பசிக்கிறது. கேட்டவன் கேட்கவில்லை, கொடுத்தவன் கொடுக்கவில்லை. எல்லாம் அவரைக்கொட்டைதான்.

லாண்டு அம்மா இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"எத்தனை பிள்ளைங்க ஐயா?"

"ஏழு."

"பெரியவனுக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது."

"கடைக்குட்டிக்குப் பல்லு முளைச்சிருச்சா?"

"முளைச்சிருச்சு." எகோஃபோ நாற்காலியில் நெளிந்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

"காரம் ஆகுமா?"

தட்டச்சுச் சத்தம் நின்றது. பொலும்பு எந்திரத்துக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

வியாழக்கிழமை மத்தியானம், வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, மடியில் துணி சுற்றிய பெரிய பானையோடு லாண்டு அம்மா வந்து இறங்கினாள். செம்பனை எண்ணெயில் வெங்காயம் வதக்கி, உப்புக் கருவாட்டை உதிர்த்துப் போட்டு, குழைய வேகவைத்த அவரைக்கொட்டை. மாடிப்படி ஏறுவதற்குள் வாசனை முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

"என்னம்மா இது?"

"நீங்க கேட்டதுதான் ஐயா. ஏழு பிள்ளைங்களுக்கு. பெரியவன் ரெண்டு தட்டு சாப்பிடுவான்னு சேத்தே போட்டிருக்கேன்."

எகோஃபோ குரலைத் தாழ்த்தினார். "நான் கேட்டது இது இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"அப்ப எது ஐயா? சொல்லுங்க, கொண்டாரேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். பொலும்புவுக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க."

அதைச் சொல்லத்தான் அவரால் முடியாது. வாயால் சொல்லாமல் இருப்பதற்காகத்தானே அந்த வார்த்தையே இருந்தது. எகோஃபோ பானையைப் பார்த்தார். பானை அவரைப் பார்த்தது.

அடுத்த வியாழனும் வந்தாள். அன்று எகோஃபோ அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிடாத குறையாகச் சொன்னார்: "வீட்டுல சண்டைம்மா. எந்தப் பொம்பளை உனக்குச் சமைச்சுப் போடறான்னு கேக்கறா. ஆபீஸ்ல ஒரு அம்மான்னு சொன்னேன். மூணு நாள் பேசல."

"நான் வேணா வந்து பேசவா?"

"வேண்டாம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதன்பிறகு பானை வீட்டுக்குப் போகவில்லை, அலுவலகமே சாப்பிட்டது. மூன்றாம் வாரம் பொலும்பு தன் தட்டையும் கரண்டியையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தாள். "லாண்டு அம்மா, போன வாரம் உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று குறை வேறு. கீழ் மாடியில் ஓய்வூதியம் கொடுக்கிறவர்கள்கூட வியாழக்கிழமையானால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் எகோஃபோவைப் பார்த்து, "பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தார்கள். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

நான்காம் வியாழன் அவர் தோற்றுப்போனார். பானை மேசைக்கு வருவதற்கு முன்பே கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"இந்தாங்கம்மா. கையெழுத்துப் போடறேன். எடுத்துட்டுப் போங்க. என்னை விட்டுருங்க."

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொலும்பு கைதட்டவே தயாராக இருந்தாள். ஆனால் லாண்டு அம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் கொட்டகைக்கு வந்தீங்களா ஐயா?"

"இல்ல."

"என் கடலையைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"அம்மா, போடறேன்னுதான் சொல்றேனே."

"எதுக்குப் போடறீங்க? இந்தப் பானைக்கா?" அவள் குரல் தாழ்ந்தது. "அப்ப எங்க அக்கா சொன்ன முப்பது டாலரும் இதுவும் ஒண்ணுதானே ஐயா. இதுக்கா நாலு வாரம் அடுப்படியில வெந்தேன்?"

பொலும்புதான் வாயைத் திறந்தாள். "போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன் ஐயா. கல்லூரியில ரசாயனம் படிச்சேன்னு பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

எகோஃபோ பேனாவை மூடினார். அவர் முகத்தில் ஓர் அடி விழுந்த மாதிரி இருந்தது. "திங்கக்கிழமை வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் கொட்டகையைத் தேய்த்துக் கழுவினாள் லாண்டு அம்மா. மறுநாள் நான்கு பெண்களும் தலையில் வெள்ளைத் துணி கட்டி வரிசையாக நின்றார்கள். எகோஃபோ மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். எந்திரத்துக்குள் விரல் விட்டுத் துடைத்துப் பார்த்தார். பாட்டில்களைக் கொதிநீரில் போடும் அண்டாவை எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. பெரிய கம்பெனியில கூட இப்படி நான் பாத்ததில்ல" என்றார். பொய்யில்லை என்று அவர் முகமே சொன்னது. லாண்டு அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபத்தாறு வருடம் தலையில் சுமந்ததை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்தது போல இருந்தது.

பிறகு அவர் பின்பக்கம் போனார். அங்கே பதினொரு மூட்டைக் கடலை அடுக்கியிருந்தது. மேல் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துத் தலையாட்டினார். அடி மூட்டையின் வாயையும் தளர்த்தி, தோள்வரை கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். ஒரு பருப்பை நகத்தால் பிளந்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

அவர் முகம் மாறியதை லாண்டு அம்மா பார்த்தாள்.

"இது எப்ப வந்த சரக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும். படகுல வந்தது."

"வெறுந்தரையிலயா வெச்சிருக்கீங்க? மழைக்காலம் பூராவும்?"

பிளந்த பருப்பை நீட்டினார். உள்ளே, மஞ்சளும் பச்சையுமாக, பொடி போல ஒரு பூஞ்சணம். லாண்டு அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் பொறுக்கிப் போடுவாள். வறுத்தால் சரியாகிவிடும் என்றுதான் அவள் அம்மா காலத்திலிருந்து எல்லோரும் சொல்லி வந்தார்கள்.

"வறுத்தா வாசம்தாம்மா போகும். அரைச்சா கண்ணுக்குத் தெரியாது. விஷம் அப்படியே இருக்கும். ஈரல்ல போய் உக்காரும். பெரியவங்க தாங்குவாங்க, ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரியும். ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருக்கற பிள்ளை தாங்காது."

ஒவ்வொரு மூட்டையாக இறக்கச் சொன்னார். ஏழு மூட்டை கெட்டிருந்தது.

ஏழு மூட்டை. எந்திரத்துக்கு வாங்கிய கடன் போக மிச்சமிருந்த எல்லாமே அந்த மூட்டைகளில்தான் இருந்தது. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள். ஆஸ்பத்திரி கை நழுவினால் இந்த நான்கு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்திரத்தை வந்து தூக்கிப்போவார்கள். தேய்ந்த கழுத்தில் மறுபடி பேசின் ஏறும். எல்லாம் ஒரே சமயத்தில் அவள் கண்முன்னே வந்து நின்றது.

அவள் கை இடுப்புக்குப் போனது. துணி முடிச்சை அவிழ்த்தது. மடித்த நோட்டுகளோடு அந்தக் கை தானாக நீண்டதை, யாருடைய கையையோ பார்ப்பது போல லாண்டு அம்மா பார்த்தாள். தன் குரலையும் கேட்டாள்.

"ஐயா... வீட்டுல பிள்ளைங்க இருக்குதே..."

எகோஃபோ அந்த நோட்டுகளை வெகுநேரம் பார்த்தார். வாங்குவார் என்றுதான் அவள் நினைத்தாள். வாங்க வேண்டும் என்று மாதாவைக்கூட வேண்டிக்கொண்டாள். அதை நினைத்துப் பின்னால் பல நாள் அழுதாள்.

"இது எந்த வார்டுக்குப் போகுதுன்னு சொன்னீங்கம்மா?" என்று அவர் கேட்டார். கோபமாக இல்லை, ரொம்ப மெதுவாக. பிறகு வெளியே பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மடிச்சு முடிஞ்சுக்குங்க. யாரும் பாக்கல" என்றார்.

காகிதத்தில் 'அனுமதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "தரையில பலகை போடுங்க. காத்து போகணும். நல்ல சரக்கா வாங்குங்க. கடைசி நாள் காலையில வரேன்."

கெட்ட கடலையை எறிவதும் லேசாக இல்லை. குப்பையில் போட்டால் அந்தத் தெருவில் பொறுக்கித் தின்ன ஆள் உண்டு. மக்கியேசே கொல்லையில் இடுப்பளவு குழி தோண்டினான். ஏழு மூட்டையையும் கொட்டி, யாரும் தோண்டி எடுக்க முடியாதபடி மேலே கரிய எஞ்சின் எண்ணெயை ஊற்றினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் நின்று, ஒரு சாவு வீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "ஒரு மூட்டையாவது எங்களுக்குக் குடுத்திருக்கலாம்ல?" என்று ஒருத்தி கேட்டாள். லாண்டு அம்மா எண்ணெய் டின்னைச் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலை, சூசி அக்கா ஒரு தள்ளுவண்டியின் பின்னால் வந்தாள். வண்டி நிறையப் பலகை. மேலே நான்கு மூட்டைப் புதுக் கடலை.

"இது உன் கடைத் தட்டுப் பலகையாச்சேக்கா. துணியெல்லாம்?"

"துணி பத்து நாள் தரையில கிடந்தா பூஞ்சணம் பிடிக்காது. வாயைப் பாத்துக்கிட்டு நிக்காம இறக்கு."

லாண்டு அம்மா பலகையைப் பிடித்தபடியே உடைந்து அழுதாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அக்காவிடம் சொன்னாள். "நானே நீட்டினேன்க்கா. அவரு கேக்கல. நானா அவிழ்த்து நீட்டினேன்."

சூசி அக்கா கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தாள்.

"வாங்கலையா அவன்?"

"வாங்கல."

"ஊரு கெட்டுப் போச்சு" என்றாள் சூசி அக்கா. பிறகு தங்கையின் முகத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "அழறதா இருந்தா தள்ளிப் போய் அழு. கடலையில தண்ணி படப் போகுது."

கடைசி நாள் எகோஃபோ நடந்தே வந்தார். காலணியெல்லாம் சேறு. அதை அவர் துடைக்கவும் இல்லை. லாண்டு அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். பலகைகளுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டையிலும் அடி, நடு, மேல் என்று மூன்று இடத்தில் பிடி எடுத்தார். தரையில் குந்தி ஒவ்வொரு பருப்பாகப் பிளந்து தாளில் வைத்தார். ஒன்றரை மணி நேரம். சூசி அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் எண்ணினாள்.

கடைசியில் எழுந்தார். காகிதத்தை எந்திரத்தின் மேல் விரித்துக் கையெழுத்திட்டார். பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, அழுத்தினார்.

"நாற்பது பாட்டில் அனுப்பலாம்மா."

லாண்டு அம்மா காகிதத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவரே சொன்னார்: "நல்ல வேளை, இன்னிக்கு வந்தேன். திங்கக்கிழமை நான் படகு ஏறறேன். ஆத்துல எதிரோட்டமா ஒம்பது நாள் போற ஒரு ஊரு. அங்க மாத்திட்டாங்க."

"எதுக்கு ஐயா?"

"என்கிட்ட வர்றதுல பாதியை மேல அனுப்பணும்மா. மேல இருக்கறவருக்கும் பிள்ளைங்க உண்டு. ரெண்டு வாரமா நான் ஒண்ணும் அனுப்பல. ஒம்பது கொட்டகைக்குப் போனேன். அஞ்சுக்கு இல்லைன்னு எழுதினேன்."

"என்னாலதானே?" அவள் குரல் தாழவில்லை, உடைந்தது. "என் பிடிவாதத்தால உங்க பிழைப்புல மண்ணு விழுந்துருச்சு."

"உங்களால இல்லம்மா." எகோஃபோ சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கல்லூரிப் பையன் இருந்தான். "உங்க கெட்ட கடலையால. பத்து வருஷத்துல அன்னிக்குத்தான் என் மூக்கு வேலை செஞ்சுது. அது இன்னும் வேலை செய்யுதுன்னே எனக்குத் தெரியாது. இப்ப எங்க போனாலும் அது கூட வரும்ல."

"பிள்ளைங்க?"

"பள்ளிக்கூடம் முடியறவரைக்கும் இங்கதான். அவங்கம்மா பாத்துக்குவா. பேச ஆரம்பிச்சுட்டா."

லாண்டு அம்மா சட்டென்று உள்ளே போனாள். முதல் அரைப்பில் அடைத்த பாட்டில் ஒன்றை, இன்னும் சூடு ஆறாததை, துணியில் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டியவுடன் அவளுக்கே பயமாகிவிட்டது. கை பாதியில் நின்றது.

"படகுல ரொட்டிக்குத் தொட்டுக்க. வேற எதுக்கும் இல்ல. கையெழுத்துத்தான் போட்டாச்சே ஐயா. இப்பக் குடுக்கலாமா, கூடாதா?"

எகோஃபோ பாட்டிலைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மழைக்காலத்து ஈரத்தில் முத்திரை இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

"மை காயட்டும்மா" என்றார்.

சூசி அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். லாண்டு அம்மா ஒரு பாட்டில் மூடியை எடுத்து, முத்திரையின் மேல் மெல்ல விசிற ஆரம்பித்தாள். மூன்று பேரும் அந்த ஊதா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை.